மாறுகொளக் கூறல்



இலக்கியத்தின் பொருட்டு ஏற்பட்ட ஓர் அறக்கட்டளையின் மேடையில் நின்றுகொண்டு, இங்கிலாந்தில் பெற்றோரும் பிள்ளைகளும் சனிக்கிழமை மாலைகளில் கூடியிருந்து பார்ப்பதற்கென்று தொடங்கப்பட்ட ஒரு தொலைக்காட்சிக் கதையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவித்தபோது, அழைப்பிதழைக் கண்ட அன்பர் சிலர் முகம் சுளித்ததாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்கு நான் சொல்லக்கூடிய சமாதானம் ஒன்றுதான். நூலுக்கு ஆகாதவை என்று பத்துக் குற்றங்களை நன்னூலார் எண்ணிச் சொன்னார். அவற்றுள் கூறியது கூறல் ஒன்று, மாறுகொளக் கூறல் ஒன்று. ஓர் ஆசிரியர் ஒரு நூலை ஓரிரு ஆண்டுகளில் எழுதி முடிப்பதற்குள்ளேயே நேரக்கூடிய இக்குற்றங்கள், ஒருவரை ஒருவர் அறியாத எழுத்தாளர் பலர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கைமாற்றி எழுதிவரும் ஒரு கதையில் எவ்வாறு விளைகின்றன, அவற்றுள் எது பொறுக்கத்தக்கது, எது பொறுக்கத்தகாதது என்று ஆராய்வது இலக்கணம் கற்றவனுக்கு அந்நியமான வேலை ஆகாது.

நான் எடுத்துக்கொண்ட தொடரின் பெயர் ‘டாக்டர் ஹூ’. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள், 1963 நவம்பர் 23ஆம் தேதி, பி.பி.சி. அதன் முதல் பகுதியை ஒளிபரப்பிற்று. நாடே துக்கத்தில் ஆழ்ந்திருந்தமையால், அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன் முதற் பகுதியை மீண்டும் காட்ட நேர்ந்தது. தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட் என்னும் 27 வயதுப் பெண்மணி; முதற் கதையை இயக்கியவர் வாரிஸ் உசேன், நம் லக்னோவில் பிறந்த 24 வயது இளைஞர். லண்டன் நகரத்துப் பழைய சாமான் கிடங்கு ஒன்றில் நிற்கும் நீலநிறப் போலீஸ் பெட்டி, உள்ளே புகுந்து பார்த்தால் வெளியே தெரிவதைவிட விசாலமானது. அதற்கு டார்டிஸ் என்று பெயர். அதில் ஏறிக் காலத்திலும் ஆகாயத்திலும் சஞ்சரிக்கும் ஒரு முதியவர், தம் பெயரைச் சொல்லாமல் டாக்டர் என்று மட்டும் வழங்கப்படுபவர். அவருடைய பேத்தி சூசன். பேத்தியின் பின்னால் வந்து அகப்பட்டுக்கொண்ட இரண்டு பள்ளி ஆசிரியர்கள். கதையின் மூலதனம் இவ்வளவே. டாக்டர் எந்த உலகத்தவர் என்பதோ, எந்த இனத்தவர் என்பதோ எழுதினவர்களுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருக்கவில்லை.

முதலாண்டில் மட்டும் 42 பகுதிகள் தயாராயின. வாரத்திற்கு ஒரு பகுதி எழுதி, ஒத்திகை பார்த்து, ஒரே மாலையில் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்த அவர்களுக்குச் சென்ற மாதம் எழுதியதைத் திரும்பப் பார்க்க அவகாசம் ஏது? டார்டிஸ் என்ற பெயரைத் தானே முதலெழுத்துகளைக் கூட்டி அமைத்ததாகச் சூசன் முதற் பகுதியில் சொல்கிறாள். பிற்காலத்தில் டாக்டருடைய இனத்தார் யாவருமே, அந்தச் சிறுபெண்ணைக் கண்ணாலும் காணாதவர்கள் உட்பட, தங்கள் வாகனங்களை அப்பெயராலேயே அழைக்கிறார்கள். டாக்டரின் வயது 1967இல் 450; 1976இல் 749; 1987இல் 953; அதன்பின் 2005இல் அவர் வயது 900 என்று சொல்லப்பட்டபோது, நாளுக்கு நாள் இளமை திரும்பும் வரம் பெற்றவர் போலும் என்று நினைத்துக்கொண்டவர் உண்டு. அட்லாண்டிஸ் என்னும் கடல்கொண்ட நாட்டின் கதி இன்னும் விசித்திரமானது. 1967இல் ஒருமுறை அது வெள்ளத்தில் மூழ்கிற்று. 1971இல் வெளிவந்த ‘தி டீமன்ஸ்’ கதையில், அதை அழித்தது தன் இனமே என்று கொம்பு முளைத்த ஒருவன் பெருமை பேசினான். அடுத்த ஆண்டு ‘தி டைம் மான்ஸ்டர்’ கதையில் குரோனோஸ் என்னும் வேறொரு சக்தி அதை நம் கண்முன்னே நிர்மூலமாக்கிற்று. பின்னிரண்டு கதைகளையும் எழுதியவர்கள் ராபர்ட் ஸ்லோமனும், தொடரின் அன்றைய தயாரிப்பாளர் பேரி லெட்ஸும் என்பதையும், இரண்டுக்கும் இடைவெளி ஓராண்டே என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இவற்றை மறதியின் பாற்படுத்துவதா, அலட்சியத்தின் பாற்படுத்துவதா என்பதே விளங்கவில்லை.

அலட்சியம் என்று நான் சொல்வதைக் குறையாகக் கொள்ள வேண்டா. அக்காலத்து நிலைமையை அறிந்தால் அது நியாயமான அலட்சியம் என்பது புலப்படும். ஒளிநாடா விலையுயர்ந்த பொருள்; ஒருமுறை பயன்பட்டதை அழித்துவிட்டு மறுமுறை பதிவு செய்வதே வழக்கம். நடிகர் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஒரு நிகழ்ச்சியைப் பலமுறை மறுஒளிபரப்புச் செய்வதற்கும் வழியில்லை. வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகு கறுப்பு வெள்ளைப் படங்களை வாங்குவாரும் இல்லை. ஆகவே 1970களின் பிற்பகுதி வரையிலும் பி.பி.சி. தன் பழைய நிகழ்ச்சிகளைத் தானே அழித்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற படச்சுருள்கள் சில தப்பிப் பிழைத்தன; 1967இல் வந்த ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ முழுவதும் ஹாங்காங்கிலிருந்து 1991இல் கிடைத்தது; 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்திலிருந்து ஒன்பது பகுதிகள் மீண்டன. அப்போதும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளைக் காணவில்லை. ஆக, ஒருமுறை சொல்லிக் காற்றில் கரைந்துபோன கதை அது. சொன்னவனுக்கும் நினைவில்லை, கேட்டவனுக்கும் நினைவில்லை. இருவர் மறதியும் சமமாக இருந்தவரையில் முரண்பாடு என்ற பேச்சே எழவில்லை.

அந்த மறதியின் நிழலில்தான் இத்தொடரின் மிகப்பெரிய கற்பனைகள் பிறந்தன என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றியபோது, 1966 அக்டோபரில், அவரைத் தரையில் கிடத்தி, முகத்தில் ஒளியைப் பாய்ச்சி, பாட்ரிக் டிரவுட்டன் என்னும் வேறொரு நடிகராக எழுப்பினார்கள். முன்கதையில் இதற்கு ஆதாரம் ஏதும் உண்டா என்று அன்று யாரேனும் சட்டம் பேசியிருந்தால் தொடர் அந்த ஆண்டோடு முடிந்திருக்கும். டாலெக்குகளின் பிறப்பும் இத்தகையதே. உலோகக் கூட்டுக்குள் வாழும் இந்தக் குரூரப் பிராணிகளைப் படைத்த டெரி நேஷன், 1963–64இல் எழுதிய முதற் கதையில், அவற்றின் முன்னோர் டால்கள் என்றும், அவர்கள் ஆசிரியர்களும் தத்துவ ஞானிகளுமாக இருந்தவர்கள் என்றும் சொல்லியிருந்தார். அதே டெரி நேஷன் 1975இல் ‘ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்’ எழுதியபோது, முன்னோர் பெயர் காலெடுகள் என்றாயிற்று. ஞானிகள் இருந்த இடத்தில் கருஞ்சட்டைப் பட்டாளம் வந்து நின்றது. டாவ்ரோஸ் என்னும் ஊனமுற்ற விஞ்ஞானி அவற்றைத் தன் கையால் படைத்தான். இரண்டு கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு, இவற்றைத் தொடுவித்தால் ஓர் இனமே கருவில் அழியும், அப்படி அழிக்க எனக்கு உரிமை உண்டா என்று டாக்டர் திகைத்து நிற்கும் காட்சி அக்கதையில் வருகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதியதற்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று நேஷன் நினைத்திருந்தால் அந்தக் காட்சி நமக்குக் கிடைத்திராது.

இனி, இத்தொடரின் முரண்பாடுகளுள் தலைமையானது என்று அதன் ரசிகர்கள் கொள்ளும் ஒன்றைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். யூனிட் என்னும் இராணுவப் பிரிவும், அதன் தலைவர் பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்–ஸ்டூவர்ட்டும் பூமியைக் காக்கும் கதைகள் எந்த ஆண்டில் நடந்தன என்பதே கேள்வி. கேட்பதற்கு எளிது. 1967இல் வந்த ஒரு கதை 1935ஆம் ஆண்டு இமயமலைச் சாரலில் நடக்கிறது. அதில் வரும் பேராசிரியர் டிராவர்ஸ், மறு ஆண்டு வெளிவந்த ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ கதையில் கிழவராக வருகிறார். இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. அக்கதையில்தான், லண்டன் சுரங்க ரயில் பாதைகளுள், நிக்கோலஸ் கோர்ட்னி நடித்த நம் இராணுவ அதிகாரி கர்னலாக அறிமுகமாகிறார். ஆகவே அது 1975 அளவில் நடந்திருக்க வேண்டும். அவர் பிரிகேடியராக உயர்ந்து அடுத்த கதையில் வரும்போது, நாம் சந்தித்து நாலு வருஷம் இருக்குமே என்கிறார், எனவே 1979. எழுதினவர்களின் எண்ணமும் அதுவே: ஒளிபரப்பாகும் ஆண்டுக்குச் சில ஆண்டுகள் பின்னால் வரப்போகும் இங்கிலாந்தில் இக்கதைகள் நடப்பதாக அவர்கள் பாவித்தார்கள். 1971இல் ஒரு கதையில் பி.பி.சி.யின் மூன்றாவது அலைவரிசையைப் பாத்திரங்கள் பார்க்கிறார்கள். அப்பெயரில் உண்மையாகவே ஓர் அலைவரிசை 2003இல்தான் வந்தது. 1975இல் பிரிகேடியர் தொலைபேசியில் பிரதமரோடு பேசுகையில் ‘மேடம்’ என்று விளிக்கிறார், மார்கரெட் தாட்சர் அவ்வாண்டு தம் கட்சிக்குத்தான் தலைவரானார், பிரதமரானது 1979இல்.

அதே 1975இல் ‘பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்’ வந்தது. 1911ஆம் ஆண்டில் சிக்கிக்கொண்ட சாரா ஜேன் என்னும் பத்திரிகை நிருபர், நாம் இப்போதே கிளம்பிப் போய்விடலாம், உலகம் 1911இல் அழியவில்லை என்பது எனக்குத் தெரியும், நான் 1980இலிருந்து வந்தவள் ஆயிற்றே என்கிறாள். டாக்டர் மறுமொழி சொல்லாமல் டார்டிஸை 1980க்குச் செலுத்திக் கதவைத் திறக்கிறார். வெளியே மனித வாடை அற்ற பாழ்நிலம், சூறைக்காற்று. கடமையைச் செய்யாமல் ஓடினால் நீ திரும்பிச் செல்லும் வீடு இதுதான் என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலப் பயணக் கதைகளுக்கெல்லாம் எழும் நியாயமான ஒரு சந்தேகத்திற்கு இவ்வளவு சுருக்கமாகவும் அழுத்தமாகவும் விடை சொன்ன காட்சி வேறொன்றை நான் அறியேன். 1980 என்ற எண் அக்காட்சியின் அச்சாணி. வாய்தவறி வந்தது என்று அதைத் தள்ளிவிட முடியாது.

ஆயினும் 1983இல் ‘மாட்ரின் அன்டெட்’ என்ற கதை அதைத் தள்ளிவிட்டது. அதில் பிரிகேடியர் 1976இலேயே ஓய்வு பெற்று, ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியராக இருக்கிறார். கதையின் ஒரு பாதி 1977இல், எலிசபெத் அரசியாரின் வெள்ளிவிழா நாளில் நடப்பதால், ஆண்டை மாற்றிச் சொல்லவும் வழியில்லை. சாரா ஜேன் 1980இலிருந்து வந்தவளானால், அவளோடு சேர்ந்து பகைவரை எதிர்த்த பிரிகேடியர் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஓய்வு பெற்றது எப்படி? இராணுவத் தளபதி கணக்கு வாத்தியாராக வந்ததன் காரணத்தை விசாரித்தால் இதன் மூலமும் புலனாகும். முதன்முதலில் அப்பாத்திரம், 1963இல் டாக்டரோடு புறப்பட்ட விஞ்ஞான ஆசிரியர் இயன் செஸ்டர்ட்டனுக்கென்று கருதப்பட்டது. அவராக நடித்த வில்லியம் ரசல் வர இயலாமற் போனதால் அந்த இடத்தில் பிரிகேடியரைப் பொருத்தினார்கள். நடிகர் ஒருவருக்கு வேறு வேலை இருந்தது. அதனால் இங்கிலாந்தின் சரித்திரத்தில் நாலைந்து ஆண்டுகள் இடம் பெயர்ந்தன.

இதற்கு ரசிகர்கள் எழுதிய சமாதானங்களைத் திரட்டினால் ஒரு பேருரையே ஆகும். நம்மவர்க்கு இவ்வித்தை புதிதன்று. ஒரு புராணத்தில் ஒருவிதமாகவும் மற்றொரு புராணத்தில் வேறுவிதமாகவும் வரும் வரலாற்றைக் கற்பபேதம் என்று சொல்லி, அது வேறு கற்பத்தில் நடந்தது, இது வேறு கற்பத்தில் நடந்தது என்று நம் பௌராணிகர்கள் அமைதி கண்டார்கள்; இன்றைய விஞ்ஞானக் கதை ரசிகன் இணைகாலங்கள் என்று பேசுவதும் அதே யுக்தி. ஆங்கிலேயர்களிடையேயும் இதற்கு ஒரு பரம்பரை உண்டு. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் டாக்டர் வாட்சனின் போர்க்காயம் முதற் கதையில் தோளிலும், இரண்டாம் கதையில் காலிலும் இருக்கிறது. ஜான் என்ற பெயருடைய அவரை ஒரு கதையில் மனைவி ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறாள். வேதாகம ஆராய்ச்சியைக் கேலி செய்யும் பாவனையில் ரொனால்ட் நாக்ஸ் என்னும் பாதிரியார் 1911இல் இக்கதைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை படித்தார். வாட்சன் பெயரின் நடுவெழுத்துக்கு, ஜேம்ஸ் என்பதன் ஸ்காட்லாந்து வடிவமாகிய ஹாமிஷ் என்று விரிவு சொல்லி, மனைவியின் வாய்மொழியைக் காப்பாற்றினார் டாரதி சேயர்ஸ். இவையெல்லாம் புத்திசாலிகள் தங்களுக்குள் ஆடிய விளையாட்டு. விளையாட்டு என்பதை ஆடினவர்கள் மறக்கவில்லை.

‘டாக்டர் ஹூ’ ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதை மறந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். இவர்களுக்கு ஒரு சங்கம் 1976இல் ஏற்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய ‘தி டெட்லி அசாசின்’ ஒளிபரப்பாயிற்று. டாக்டரின் இனத்தாராகிய டைம் லார்டுகள் 1969இல் முதன்முதல் தோன்றியபோது தேவர்களைப் போல் கம்பீரமாக இருந்தார்கள். ஹோம்ஸின் கதையில் அவர்கள் மூட்டுவலியால் முனகும் கிழட்டு அரசியல்வாதிகள். பழைய கதைக்கு இது துரோகம் என்று சங்கத்தார் கொதித்தெழுந்தனர். இன்றோ அக்கதை தொடரின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்று என்று கொண்டாடப்படுவதோடு, டைம் லார்டுகளைப் பற்றிய பிரமாண நூலாகவும் அதுவே விளங்குகிறது. நேற்றைய முரண்பாடு இன்றைய ஆகமம் ஆயிற்று.

அக்கதையில் ஒரு வாக்கியம் வருகிறது: டைம் லார்டு ஒருவன் பன்னிரண்டு முறைதான் உடல் மாற முடியும். டாக்டரின் பரம வைரியாகிய மாஸ்டர் வேடத்தில் நடித்த ரோஜர் டெல்காடோ 1973இல் துருக்கியில் மோட்டார் விபத்தில் இறந்துவிட்டார். வேறொருவரைக் கொண்டு அப்பாத்திரத்தை அழுகிய உடலோடு கொண்டுவர ஹோம்ஸுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. தன் பிறவிகளையெல்லாம் செலவழித்துவிட்டவன் என்று ஒரு வாக்கியம் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு ஜனவரியில், அதே ஹோம்ஸ் கதைப் பதிப்பாசிரியராக இருந்து திருத்தி எழுதிய ‘தி பிரெய்ன் ஆஃப் மார்பியஸ்’ கதையில், டாக்டரின் மனத்திலிருந்து அவருடைய முந்தைய முகங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் தெரிகின்றன. ஹார்ட்னெல்லின் முகத்திற்கும் முன்னால் இன்னும் எட்டு முகங்கள் வருகின்றன. வேடமணிந்து அம்முகங்களாகத் தோன்றியவர்கள் தொடரின் தயாரிப்பாளரும் இயக்குநரும் எழுத்தாளரும்தாம். ஹோம்ஸும் அவர்களுள் ஒருவர். அந்த எட்டையும், அதுவரை நடித்த நால்வரையும் கூட்டினால் அன்றைய டாக்டர் டாம் பேக்கர் பன்னிரண்டாமவர். மிச்சம் இருப்பது ஒரே உடல். எழுதினவர் இதைக் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கூட்டிப் பார்த்தவர்கள் ரசிகர்கள்.

அவர்கள் கையில் கருவி வந்து சேர்ந்த ஆண்டு 1983. அவ்வாண்டு அக்டோபரில் பி.பி.சி. இத்தொடரின் முதல் வீடியோ நாடாவை விற்பனைக்கு விட்டது. அதற்கு முன் பழைய கதைகளை நாட வேண்டுமென்றால், கதைப் பதிப்பாசிரியராக இருந்த டெரன்ஸ் டிக்ஸ் அறுபதுக்கும் மேற்பட்ட கதைகளை நாவல் வடிவில் எழுதிய சிறு புத்தகங்களே கதி. இப்போது நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். திரும்பத் திரும்பக் கேட்கலாம். கேட்பவனின் நினைவு சொல்பவனின் நினைவை மிஞ்சிவிட்டது. அந்நாள் முதல் சொல்பவனுக்கு அச்சம் பிடித்துக்கொண்டது. அச்சத்திலிருந்து, முரண்பாட்டைவிடப் பெரிய தீமை ஒன்று பிறந்தது. மாறுகொளக் கூறலுக்கு அஞ்சி அவர்கள் கூறியது கூறலில் விழுந்தார்கள்.

1985இல் வந்த ‘அட்டாக் ஆஃப் தி சைபர்மென்’ இதற்குச் சரியான உதாரணம். அதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் 1966இல் வந்த கதை ஒன்றின் முடிவும், 1967இல் வந்த ‘டூம்’ கதையும் தெரிந்திருக்க வேண்டும். முன்னதன் கடைசிப் பகுதி அழிக்கப்பட்டுவிட்டது, இன்றும் கிடைக்கவில்லை. பின்னதில் ஒரு சுருள்கூட அன்று கைவசம் இல்லை. ஆக, தயாரித்த நிறுவனமே பாதுகாத்து வைக்காத, நாட்டில் யாரும் பார்க்க இயலாத கதைகளை நன்கு அறிந்தவர் என்று பாவித்து, லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரு கதை சொல்லப்பட்டது. முன்னுக்குப் பின் முரண் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பது மெய்தான். ஆனால் அக்கதையில் ஒரு மனிதனுக்கு ஏதேனும் நேர்ந்து, அதனால் நம் மனம் இளகிற்று என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இதற்கு நேர்மாறாகப் பழையதை எடுத்தாண்டு வெற்றி கண்ட கதையும் அந்தப் பத்தாண்டிலேயே உண்டு. இருபத்தைந்தாம் ஆண்டு விழாவை ஒட்டி 1988இல் பென் ஆரனோவிச் எழுதிய ‘ரிமம்பரன்ஸ் ஆஃப் தி டாலெக்ஸ்’ கதை, தொடர் பிறந்த 1963 நவம்பருக்கே, அதே பள்ளிக்கூடத்திற்கே, அதே பழைய சாமான் கிடங்கிற்கே திரும்பிச் செல்கிறது. அக்கிடங்கின் கதவில் ஐ. எம். ஃபோர்மன் என்று உரிமையாளர் பெயர் இருக்கும். முதற் பகுதியில் சரியாக எழுதியிருந்த அப்பெயர் 1988இல் ஓர் எழுத்துக் குறைந்து பிழையாக எழுதப்பட்டிருப்பதை ரசிகர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். அக்கதையில் வேறொரு பலகையும் வருகிறது. டாக்டரோடு பயணம் செய்யும் ஏஸ் என்னும் எண்பதுகளின் பெண், ஓர் அன்பான அம்மாள் நடத்தும் விடுதியில் தங்குகிறாள். தொலைக்காட்சிக்குப் பக்கத்துச் சன்னலில் தொங்கும் அட்டையைத் தற்செயலாகத் திருப்பிப் பார்க்கிறாள். கறுப்பு நிறத்தவருக்கு இங்கே இடமில்லை என்று எழுதியிருக்கிறது. ஒன்றும் பேசாமல் அதைப் பார்த்தபடி நின்றுவிட்டு வெளியே போகிறாள். தூய இனம் என்ற பெயரால் டாலெக்குகள் தங்களுக்குள்ளேயே இரு கட்சியாகப் பிரிந்து வெட்டிக்கொள்ளும் கதையில், அந்த ஒரு பலகையின் முன்னால், கிடங்குக் கதவில் விட்டுப்போன எழுத்து எம்மாத்திரம்? 1963இன் இங்கிலாந்து எப்படியிருந்தது என்பதற்கு உண்மையாக இருக்க வேண்டிய கடமையை ஆரனோவிச் நிறைவேற்றினார். இலக்கணத்தார் வழு என்றும் வழுவமைதி என்றும் பிரித்துவைத்ததன் நுட்பம் இத்தகைய இடங்களில்தான் எனக்கு நன்கு விளங்குகிறது.

1989இல் தொடர் நின்றது. 1996இல் வந்த ஒரு தனிப்படத்தில் டாக்டர் தம்மைத் தாய்வழியில் பாதி மனிதர் என்று சொல்லிக்கொண்டார். அதைப் பின்வந்தவர்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நாமும் விட்டுவிடலாம். 2005இல் கார்டிஃப் நகரத்திலிருந்து தொடரை மீண்டும் உயிர்ப்பித்த ரசல் டி. டேவிஸ், அதுவரை சேர்ந்துகிடந்த பழங்கணக்குகளையெல்லாம் ஒரே வீச்சில் தீர்த்தார். காலப் பெரும்போர் ஒன்று நடந்தது. டாக்டரின் தாயகம் எரிந்துபோயிற்று. எஞ்சியவர் அவர் ஒருவரே. ஐந்து நிமிடம் முன்பு வந்து உட்கார்ந்த சிறுவனுக்கும் அது புரியும். ஏனெனில் அவனுக்குத் தெரியவேண்டியது ஒரு மனிதரின் துக்கம் மட்டுமே. யூனிட் ஆண்டுக் குழப்பத்தையும் அவர்கள் சிரித்தே கடந்தார்கள்: அவர்களோடு வேலை பார்த்தேன், எழுபதுகளிலோ எண்பதுகளிலோ என்று 2008இல் டாக்டர் சொல்கிறார், 2013இல் பிரிகேடியரின் மகள், ஒரு கோப்பைத் தேடச் சொல்லும்போது, எழுபதுகள் அல்லது எண்பதுகள், ஆண்டைக் கணக்கிடும் முறையைப் பொறுத்தது என்கிறாள். இதைவிட நல்ல சமாதானம் இருக்க முடியாது.

நிக்கோலஸ் கோர்ட்னி 2011 பிப்ரவரியில் காலமானார். அவ்வாண்டு அக்டோபரில் ஒரு கதையில், தம் சாவைத் தள்ளிப் போட்டுக்கொண்டே திரியும் டாக்டர், முதியோர் இல்லம் ஒன்றிற்குத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பிரிகேடியரைக் கேட்கிறார். சில மாதங்களுக்கு முன் அவர் இறந்துவிட்டார் என்றும், நீங்கள் என்றைக்காவது வருவீர்கள் என்று உங்களுக்கும் சேர்த்து ஒரு கோப்பை பிராந்தி ஊற்றிவைக்கச் சொல்வார் என்றும் பதில் வருகிறது. அதைக் கேட்டபின் டாக்டர் ஓடுவதை நிறுத்துகிறார். அந்த முதியவர் எந்த ஆண்டில் ஓய்வு பெற்றார் என்று அவ்வேளையில் கேட்கும் மனம் யாருக்கு வரும்? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான நட்பைக் கதை மறக்கவில்லை. தொடர்ச்சி என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுவே.

ஆனால் கணக்கு முடிக்கும் ஆசை சாமானியத்தில் விடுவதில்லை. 2013இல் ஐம்பதாம் ஆண்டுக் கதைக்கு, 2005இல் டாக்டராக நடித்த கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் வர மறுக்கவே, யாரும் அறியாத ஒரு டாக்டராக ஜான் ஹர்ட்டை நடுவில் நுழைத்தார் அன்றைய தலைமை எழுத்தாளர் ஸ்டீவன் மொஃபாட். அதனால் எண்ணிக்கை ஒன்று கூடிற்று. 2008இல் அன்றைய டாக்டர் டேவிட் டெனன்ட் பாதியில் நிறுத்திக்கொண்ட உடல்மாற்றமும் ஒன்றாகக் கணக்கில் ஏறியது. ஆக, 2013இல் டாக்டராக இருந்த மாட் ஸ்மித் கடைசி உடல் ஆனார். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் கதையில் டைம் லார்டுகள் புதிய பிறவி வரிசை ஒன்றை அவருக்கு அருள வேண்டியதாயிற்று. ஒரு வில்லனின் அழுகிய முகத்திற்குக் காரணமாக 1976இல் எழுதப்பட்ட வாக்கியத்திற்கு, முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து வட்டியும் முதலுமாகக் கட்டினார்கள். 2020இல், மொஃபாட்டுக்குப் பின் தலைமை எழுத்தாளரான கிறிஸ் சிப்னல் இன்னும் ஒருபடி மேலே சென்று, டாக்டர் டைம் லார்டு இனத்தவரே அல்லர், எங்கிருந்தோ வந்த அநாதைக் குழந்தை, ஹார்ட்னெல்லுக்கு முன் எண்ணற்ற பிறவிகள் எடுத்தவர் என்று எழுதி, மார்பியஸ் கதையின் எட்டு முகங்களையும் அதில் சேர்த்துக்காட்டினார். தன் பிறப்பை அறியாத குழந்தையின் கதை சொல்லத்தக்கதே. ஜோ மார்ட்டின் என்னும் கறுப்பினப் பெண்மணி அப்பிறவிகளுள் ஒன்றாக வந்ததையும் வரவேற்கிறேன். எனினும் அக்கதையின் பெரும்பொழுது ஒரு வில்லன் நின்றுகொண்டு பூர்வ சரித்திரத்தை விரிவுரை செய்வதிலேயே கழிகிறது. நாற்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன், தயாரிப்பாளர்கள் பொழுதுபோக்காக வேடமிட்டு எடுத்துக்கொண்ட எட்டுப் படங்களுக்கு விளக்கம் வேண்டும் என்று ஒரு சிறு கூட்டத்தாரைத் தவிர யாரும் கேட்கவில்லை. விளக்கத்தால் பெரிதானது புதிர்தான்.

சொற்பொழிவுக்கு முன் மாணவர் ஒருவர் என்னிடம், இவ்வளவு நீண்ட தொடரை எங்கே தொடங்கிப் பார்ப்பது, முறையாக முதலிலிருந்தே பார்க்க வேண்டுமா என்று கேட்டார். முதலிலிருந்து பார்ப்பது யாராலும் இயலாது; பல பகுதிகள் உலகத்திலேயே இல்லை. ‘பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்’ நான்கு பகுதிகள். ஒரு மாலைக்குப் போதும். அதைப் பாருங்கள், பிறகு ‘ஜெனிசிஸ்’ பாருங்கள், அது ஆறு பகுதிகள், அதன்பின் ‘ரிமம்பரன்ஸ்’. இவற்றுக்கு முன்கதை ஒன்றும் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. சாரா ஜேன் 1980இலிருந்து வந்தவள் என்று சொன்னால், நம்புங்கள்.